நீங்கள் இல்லாத நாளில் உங்கள் வகுப்பு: பதிலி ஆசிரியருக்காக வகுப்பறையைத் தயார்செய்ய முழுமையான வழிகாட்டி

ஆசிரியர் வராத வகுப்பை வராந்தாவில் நடந்துபோகும்போதே அடையாளம் கண்டுவிடலாம். கரும்பலகையின் ஓர் ஓரத்தில் கோடு கிழித்து, ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டிருக்கும். கீழே ஏழெட்டுப் பெயர்கள். மறுபடியும் பேசியவர்களின் பெயருக்கு எதிரே பெருக்கல் குறிகள். எழுதுகிறவர் வகுப்புத் தலைவர். அவருக்கு ஆகாதவர்களின் பெயர்கள் முதலில் ஏறியிருக்கும். நாற்காலியில் ஓர் ஆசிரியர் இருந்தாலும் அவர் தன் வகுப்பு நோட்டுகளைத்தான் திருத்திக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இந்த அறையில் இந்த நாற்பது நிமிடம் என்ன நடக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளையும் நடுநிலைப் பள்ளிகளையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தனியார் பள்ளிக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பதிலியாக வருகிறவருக்குப் பெரும்பாலும் பாடம் தெரியும். ஏழாம் வகுப்புப் பின்னத்தை யாரும் புத்தகத்தைப் புரட்டி ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். அவருக்குத் தெரியாதது உங்கள் வகுப்பு. தண்ணீர் குடிக்க எப்போது அனுப்புவீர்கள், நோட்டுகள் எந்த அலமாரியில், யாருக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சண்டை வரும் என்பதெல்லாம் நமக்குப் பழகிப்போய்விட்டதால், எழுதிவைக்க வேண்டிய தகவல்களாகவே தோன்றுவதில்லை. ஆகவே தயாரிப்பில் முக்கால் பங்கு இந்தப் பழகிப்போனவற்றை வெளியே எடுத்து வைப்பதுதான்.

## முதல் படி: யார் வருவார், எத்தனை நாளுக்கு

அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். அப்படி ஒரு நாள் விடுப்பு எடுத்தால் வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. தலைமையாசிரியர் காலையில் கால அட்டவணையைப் பார்த்து, அந்தந்தப் பாடவேளையில் ஓய்வாக இருக்கும் ஆசிரியரை அனுப்புவார். இல்லையென்றால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் சேர்ப்பார். வட்டார வள மையத்தில் பயிற்சி, தேர்தல் பணி, கணக்கெடுப்பு போன்றவை முன்கூட்டியே தெரிந்துவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு ஆசிரியர்களைக் கல்விசாராப் பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் அதே பிரிவு விலக்குத் தருகிறது. அந்த விலக்கு எத்தனை பாடவேளைகளை விழுங்குகிறது என்பது நமக்குத் தெரியும்.

மகப்பேறு விடுப்பின் கதை வேறு. தமிழ்நாட்டில் 2016-இல் ஒன்பது மாதமாகவும் 2021-இல் ஓராண்டாகவும் அது உயர்ந்தது. ஓராண்டுக்கு வகுப்பை ஒப்படைப்பது பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

வருகிறவர் மூன்று வகை. பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குப் பள்ளி தெரியும். ஆனால் ஒரு காது தன் வகுப்பின்மேல்தான் இருக்கும். நடுநிலை வகுப்புகளுக்கு வரும் வேறு பாட ஆசிரியருக்கு நாற்பது நிமிடம்தான் கணக்கு. பெற்றோர் ஆசிரியர் கழகமோ பள்ளி மேலாண்மைக் குழுவோ தற்காலிகமாக அமர்த்திய புதியவருக்கு இரண்டும் தெரியாது. கழிப்பறை எந்தப் பக்கம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மூன்றாமவர் படிப்பதாக நினைத்து எழுதுங்கள். மற்ற இருவரும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

## இரண்டாம் படி: பதிலி ஃபைல்

கிளிப் வைத்த சாதாரண ஃபைல் ஒன்று போதும். அட்டையில் வகுப்பையும் பிரிவையும் பெரிதாக எழுதி மேசைமீது வையுங்கள். பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியோடு ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஜெராக்ஸ் பிரதி தலைமையாசிரியர் அறையில் இருக்கட்டும்.

உள்ளே பெயர்ப்பட்டியல், கால அட்டவணை, இருக்கை வரைபடம். ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, நாளுக்கு நாள் இடம் மாறுவார்கள். இருக்கை வரைபடம் அங்கே உதவாது. நூல் கோத்த பெயரட்டைகளை ஒரு டப்பாவில் வைத்து, அன்றைக்கு மட்டும் கழுத்தில் மாட்டிவிடச் சொல்லுங்கள். அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலை என்பதைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் சின்னக் குறியாகப் போடுங்கள். சுவரில் ஒட்ட வேண்டாம். ஒட்டினால் பிள்ளைகள் தங்களை அந்தப் பெயராலேயே கூப்பிட்டுக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள்.

இவற்றைவிட முக்கியம் முதல் பக்கம். அது படிவமாக இல்லாமல் கடிதமாக இருக்கட்டும். ஏழாம் வகுப்புக்கு நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும் (பெயர்கள் கற்பனை):

“வணக்கம். வகுப்பில் 34 பேர்; பெண்கள் 19, ஆண்கள் 15. இரண்டு கவின்கள் இருக்கிறார்கள். மு. கவின் ஜன்னலோரம், செ. கவின் கடைசி பெஞ்ச். வருகைப் பதிவேட்டில் மாறிவிட வேண்டாம்.

வருகை எடுத்ததும் மதியம் சத்துணவு சாப்பிடுவோர் எண்ணிக்கையை ஒரு துண்டுத் தாளில் எழுதி ரேவதியிடம் கொடுங்கள். அவள் அமைப்பாளரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். முட்டை சாப்பிடாதவர்கள் மூன்று பேர். அவர்களுக்கு வாழைப்பழம் என்று அதே தாளில் குறித்துவிடுங்கள்.

கழிப்பறைக்கு ஒரு நேரத்தில் ஒருவர். மேசைமேல் இருக்கும் மரஅட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து வைப்பார்கள். உங்களிடம் கேட்க மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு அல்ல, நான் பழக்கியது.

சத்தம் அதிகமானால் இரண்டு முறை கைதட்டுங்கள். அவர்கள் மூன்று முறை தட்டிவிட்டு அமைதியாவார்கள். முதல் தடவை பாதிப் பேர்தான் தட்டுவார்கள், இன்னொரு முறை தட்டுங்கள்.

‘புரிந்ததா’ என்று கேட்டால் மொத்த வகுப்பும் ‘புரிந்தது’ என்று ராகம் போடும். நம்ப வேண்டாம். பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்தப் பாடத்தை ஏற்கெனவே முடித்துவிட்டோம் என்றும் சொல்வார்கள். முடிக்கவில்லை.

கடைசிப் பாடவேளையில் விளையாட்டு என்று சொன்னால் அட்டவணையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும்தான் உண்மை.”

இப்படி ஒரு பக்கம் போதும். நான்கு பக்கம் எழுதினால் அதை வாசிக்க அவருக்கு நேரம் இருக்காது. காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் நுழையும் அந்த ஐந்து நிமிடம்தான் அவருக்குக் கிடைப்பது.

வருகையைச் செயலியில் பதிவது பற்றித் தலைமையாசிரியரிடம் முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். உங்கள் எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் தகவல் தளம்) கடவுச்சொல்லை ஃபைலில் எழுதிவைக்காதீர்கள். பலர் வைக்கிறார்கள், மேசைமீது இருக்கும் ஃபைலை முப்பது பிள்ளைகள் புரட்டுவார்கள்.

## மூன்றாம் படி: மூடிய உறையில் ஒரு தாள்

உடல்நலமும் பாதுகாப்பும் தொடர்பான செய்திகள் பொது ஃபைலில் இருக்கக்கூடாது. ஓர் உறையில் போட்டு மூடி, தலைமையாசிரியர் வழியாகக் கைக்குக் கை கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுச் சூழல், சாதி, அப்பாவின் குடி பற்றியெல்லாம் எழுத வேண்டாம். அன்றைய நாளில் ஒரு பிள்ளையைக் காக்க எது தேவையோ அது மட்டும்.

வலிப்பு வரும் பிள்ளை இருந்தால் பெயரைக் குறித்து, செய்ய வேண்டியதையும் எழுதுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியுள்ள பெஞ்சுகளை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் எதையாவது வைப்பதும் வேண்டாம் என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். அறையில் யாராவது ஒருவர் சாவியோடு ஓடி வருவார், அது நிச்சயம். இழைப்பு இருக்கும் பிள்ளையின் இன்ஹேலர் பையின் எந்தப் பகுதியில் இருக்கிறது, கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யார், கண்ணாடி போடாமல் வந்தால் முன்வரிசைக்கு வர வேண்டியவர் யார் என்பவையும் இதில் வரும். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாளாக இருந்தால், மதிய உணவுக்குப் பிறகு மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஆண் ஆசிரியர் பதிலியாக வரும்போது ஒரு விஷயத்தை எழுதியே ஆக வேண்டும். பெண் பிள்ளை வெளியே போக வேண்டும் என்றால் காரணம் கேட்க வேண்டாம், காத்திருக்கச் சொல்ல வேண்டாம், உடனே அனுப்புங்கள். நாப்கின் எந்த ஆசிரியையிடம் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கூச்சத்தின் விலையை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை முழு வகுப்பின் முன்னால் நின்று கொடுக்கிறாள்.

யாரை யார் அழைத்துப்போகலாம் என்ற பட்டியலும் உறைக்குள் இருக்கட்டும். “நான் மாமா, பாட்டிக்கு உடம்பு சரியில்லை” என்று நடுப்பகலில் வந்து நிற்பவரை நீங்கள் முகம் பார்த்து அறிவீர்கள். பதிலி ஆசிரியருக்கு அவர் வெறும் மாமா. வகுப்பிலிருந்து நேரடியாக யாரையும் அனுப்பக்கூடாது, தலைமையாசிரியர் அறை வழியாகத்தான் போக வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

பிரம்பு பற்றியும் ஒரு வரி. உடல்ரீதியான தண்டனையையும் மனத்தை நோகடிக்கும் தண்டனையையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடைசெய்திருக்கிறது. புதிதாக வருகிற இளைஞருக்கு இது தெரிந்திருக்கும் என்று நாமாக எண்ணிக்கொள்வது தவறு. முட்டி போட வைப்பதும் வெயிலில் நிறுத்துவதும் இதில் அடங்கும் என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

## நான்காம் படி: எந்த வேலையை விட்டுப்போவது

“பாடம் நான்கை வாசித்து வினா விடை எழுதவும்” என்று எழுதிவைப்பது வேலை கொடுத்ததாகாது. உரைநூல் வைத்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்து எழுதும், மற்றவர்கள் அந்தப் பிள்ளையைப் பார்த்து எழுதுவார்கள், பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பேசுவார்கள், கரும்பலகையில் பட்டியல் ஏறும்.

புதுப் பாடத்தையும் விட்டுப்போகாதீர்கள். நீங்கள் திரும்பி வந்து அதை மறுபடியும் நடத்தத்தான் போகிறீர்கள். நடுவில் கேட்ட அரைகுறை விளக்கத்தை அழிப்பது கூடுதல் வேலை. ஏற்கெனவே நடத்தியதைப் பயன்படுத்த வைக்கும் வேலையாக இருக்க வேண்டும், யாரும் விளக்காமலே ஒவ்வொரு பிள்ளையும் தொடங்க முடிய வேண்டும், ஒருவர் விடை இன்னொருவர் விடைபோல் இருக்கக்கூடாது. மூன்றாவதுதான் கடினம், அது கைகூடினால் வகுப்பு தானே அமைதியாகும்.

கணக்குக்கு ஓர் உதாரணம். பதிலி ஆசிரியர் கரும்பலகையில் இதை எழுதிப்போட்டால் போதும்:

அரிசி கிலோ 56 ரூபாய். துவரம் பருப்பு கிலோ 140. சர்க்கரை கிலோ 44. கடலை எண்ணெய் லிட்டர் 200. உங்கள் கையில் 500 ரூபாய். நான்கு பொருளும் வாங்க வேண்டும். கால், அரை, முக்கால் அளவிலும் வாங்கலாம். மீதி பத்து ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரசீது எழுதுக.

பின்னமும் பெருக்கலும் கூட்டலும் இதற்குள் இருக்கின்றன. ஒரே விடை கிடையாது. அரிசி 5 கிலோ 280, பருப்பு அரைக் கிலோ 70, எண்ணெய் அரை லிட்டர் 100, சர்க்கரை ஒரு கிலோ 44 என்று எடுத்தால் 494, மீதி 6. இன்னொரு பிள்ளை வேறு மாதிரி வாங்கியிருக்கும். சீக்கிரம் முடித்தவர்களுக்கு அடுத்த கேள்வி: மீதி ஒரு ரூபாய்கூட இல்லாமல் வாங்க முடியுமா? முடியும். அரிசி ஒன்றே முக்கால் கிலோ 98, பருப்பு அரைக் கிலோ 70, சர்க்கரை மூன்று கிலோ 132, எண்ணெய் ஒரு லிட்டர் 200. மூன்று கிலோ சர்க்கரைக்கு வீட்டில் திட்டு விழும், கணக்கு என்னவோ சரி. இந்த இரண்டு விடைகளையும் ஃபைலில் எழுதிவையுங்கள். வருகிறவர் வரலாற்று ஆசிரியராக இருந்தால், பிள்ளைகளுக்கு முன்னால் அவர் தடுமாறும்படி விடக்கூடாது.

தமிழுக்கு, ஒரு ஊர்ப்பெயரின் எழுத்துகளிலிருந்து சொற்கள். ‘கன்னியாகுமரி’யை எழுதிப்போட்டு, உள்ளே இருக்கும் எழுத்துகளை மாற்றாமல் சொல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: கனி, கரி, குனி, கன்னி, குமரி. பிறகு கண்டுபிடித்த சொற்களில் குறைந்தது மூன்று வரும்படி ஒரு பத்தி எழுத வேண்டும். சொல் வேட்டையோடு விட்டால் பத்து நிமிட விளையாட்டு. பத்தி எழுதச் சொன்னால் ஒரு பாடவேளை.

சிறிய வகுப்புகளுக்கு அரசின் வாசிப்பு இயக்கக் கதைப் புத்தகங்களைப் பயன்படுத்தலாம். நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்திருப்பதால், யாருக்கு எது என்று பதிலி ஆசிரியர் யோசிக்க வேண்டியதில்லை. நீங்கள் பெயர் எழுதிய துண்டுத் தாளை ஒவ்வொரு புத்தகத்திலும் செருகிவைத்தால் போதும். வாசித்ததும் பக்கத்திலிருப்பவரிடம் கதையைச் சொல்ல வேண்டும், பிறகு ஒரு படம் வரைய வேண்டும்.

ஆய்வகம், தீ, அமிலம் எதுவும் வேண்டாம். ஸ்மார்ட் போர்டை நம்பித் திட்டம் போட வேண்டாம். மின்சாரம் இருந்தால் இணையம் இருக்காது. மைதானத்துக்கு அனுப்புவது உடற்கல்வி ஆசிரியர் இருந்தால் மட்டும்.

நாற்பது நிமிடத்துக்கு ஐம்பது நிமிட வேலை வையுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் முடிக்காதவர்களைத் திட்ட வேண்டாம் என்றும் எழுதுங்கள், ஏனென்றால் யாரும் முடிக்கப்போவதில்லை.

## ஈராசிரியர் பள்ளியில்

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். கணக்குக்கு அது சரி. ஆனால் ஐந்து வகுப்புகள் இருக்கின்றன, ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் ஐந்தையும் பார்க்க வேண்டும். அந்த மற்றவர் பெரும்பாலும் தலைமையாசிரியர். காலை உணவைச் சரிபார்ப்பதும் அலுவலகத்திலிருந்து வரும் அழைப்பை எடுப்பதும் அவர்தான். இங்கே ‘பதிலி ஆசிரியர்’ என்று ஒருவர் வருவதாக நினைத்துத் தயாரிப்பதில் பொருளில்லை. இருவரும் ஆண்டுத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து, “நான் இல்லாவிட்டால் நீங்கள், நீங்கள் இல்லாவிட்டால் நான்” என்று ஒரே திட்டத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லா வகுப்புக்கும் தனித்தனி வேலை கொடுத்தால் ஆள் கிறுகிறுத்துப் போவார். ஒரே தலைப்பை எடுத்து மூன்று உயரத்தில் வேலை வையுங்கள். ‘வாரச் சந்தை’ என்றால், ஒன்றும் இரண்டும் சந்தையில் பார்த்ததை வரைந்து பெயர் எழுதும். மூன்றாம் வகுப்பு ஐந்து வாக்கியம் எழுதும். நான்கும் ஐந்தும் கடை போட்டு விலைப்பட்டியல் தயாரித்து, மூன்றாம் வகுப்பிடம் விற்கும். பேச்சு ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே பேச்சு. காலையில் பத்து நிமிடம் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து அதைத் தொடங்கிவிடலாம்.

ஐந்தாம் வகுப்பு அக்காவும் அண்ணனும் சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டுவது நல்ல வழக்கம்தான். இருபது நிமிடத்தோடு நிறுத்துங்கள். நாள் முழுவதும் ஒரு பத்து வயதுப் பிள்ளையை ஆசிரியராக்கினால் அந்தப் பிள்ளைக்கு அன்று படிப்பு இல்லை. கூடவே அதிகாரம் தலைக்கேறிக் கையில் அடிஸ்கேலும் வந்துவிடும்.

## ஐந்தாம் படி: பிள்ளைகளிடம் சொல்லுங்கள்

முன்பே தெரிந்த விடுப்பு என்றால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, டீச்சர் இனி வரவே மாட்டாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதற்குப் போகிறீர்கள் என்று விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. எப்போது திரும்புவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். “நாளைக்கு யாராவது பேசினால் வந்து கவனித்துக்கொள்கிறேன்” என்ற மிரட்டலை விட்டுவிடுங்கள். அது வருகிறவரின் அதிகாரத்தைத்தான் குறைக்கிறது. நாளை அந்த நாற்காலியில் இருப்பவர் சொல்வதுதான் கணக்கு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒரே வகுப்புத் தலைவரிடம் எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள். வேலைகளைப் பிரியுங்கள். சத்துணவு எண்ணிக்கையை ஒருவர் கொண்டுபோவார், இருவர் நோட்டுகளைக் கொடுத்து வாங்குவார்கள், ஒருவர் மணி பார்த்துச் சொல்வார், ஒருவர் புதிய ஆசிரியருக்கு எது எங்கே இருக்கிறது என்று காட்டுவார். கடைசி வேலையை வகுப்பிலேயே அதிகம் வாயடிக்கும் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். பேசியவர்கள் பட்டியல் எழுதும் வேலை யாருக்கும் கிடையாது.

ஒத்திகையும் தேவை. ஒரு சாதாரண நாளில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, கால் மணி நேரம் நீங்கள் இல்லாததுபோல் வகுப்பை நடத்திக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் பேனா இல்லாத பிள்ளையிடமும், அலமாரிச் சாவியிலும்தான் சிக்கும்.

மாற்றுத்திறன் பிள்ளை இருந்தால் அவரிடம் தனியாகப் பேசுங்கள். நாளின் ஒழுங்கு மாறுவது சில பிள்ளைகளுக்குத் தாங்காது. யார் வருவார் என்று தெரிந்தால் அவரை முன்தினமே வகுப்புக்குள் ஒரு நிமிடம் அழைத்து வந்து முகம் காட்டிவிடுங்கள்.

## முந்தைய நாள் மாலை

இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். கரும்பலகையைத் துடைத்து மேலே தேதிக்கு இடம் விடுங்கள். சாக்பீஸ், டஸ்டர், வருகைப் பதிவேடு மேசைமேல். நாளைய வேலைத் தாள்களை எண்ணி, பாடவேளை வாரியாக ரப்பர் பேண்டு போட்டு, மேலே ‘முதல் பாடவேளை’, ‘இரண்டாம் பாடவேளை’ என்று எழுதுங்கள். ஐந்து பேனாவும் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் தனியாக வையுங்கள். உங்கள் சொந்தப் பொருள்களையும் மதிப்பெண் பதிவேட்டையும் பீரோவில் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். ஆடும் பெஞ்ச், ஷாக் அடிக்கும் சுவிட்ச் இருந்தால் அதன்மேல் ஒரு தாளை ஒட்டுங்கள். இவ்வளவுதான்.

## திடீர் விடுப்புக்கு ஓர் உறை

காய்ச்சல் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. காலை ஏழு மணிக்கு நடுங்கும் கையோடு வாட்ஸ்அப்பில் பாடத்திட்டம் தட்டச்சு செய்வது யாருக்கும் நல்லதல்ல. ஆகவே எந்த மாதத்திலும் எந்தப் பாடத்தோடும் ஒட்டாத மூன்று நாள் வேலையை ஓர் உறையில் போட்டு, ஜூன் மாதத்திலேயே தலைமையாசிரியர் அறையில் வைத்துவிடுங்கள். மேலே சொன்ன மளிகை ரசீதும் சொல் வேட்டையும் அதற்குப் பொருத்தமானவை. அவற்றை வேறு நாளில் நீங்களே நடத்திப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடாதீர்கள்; புதிதாக இருந்தால்தான் ஆர்வம் இருக்கும்.

அன்று தலைமையாசிரியருக்கு ஒரே ஓர் அழைப்பு: “வர முடியவில்லை, உறை உங்கள் அறையில், உடல்நலத் தாளும் அதற்குள்.” பிறகு போனை ஒதுக்கி வைத்துவிட்டுப் படுங்கள்.

## மாதக்கணக்கில் போகும்போது

இங்கே ஃபைல் போதாது, ஒப்படைப்பு வேண்டும். புதியவரை உங்கள் கடைசி வாரத்தில் வரவழைக்கத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். முதல் நாள் அவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். அடுத்த நாள் ஒரு பாடவேளையை அவர் எடுக்க, நீங்கள் பின்னால் உட்காருங்கள். பாதியில் எழுந்து திருத்த வேண்டாம். பிள்ளைகள் யார் உண்மையான ஆசிரியர் என்று அந்த நொடியில் முடிவுசெய்துவிடுவார்கள்.

பாடக்குறிப்பேட்டில் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று குறித்துக் கொடுங்கள். முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு (பருவத்தின் நடுவே செய்யும் செயல்பாடுகள்) 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60. வளரறியில் எந்தெந்தச் செயல்பாடுகளுக்கு ஏற்கெனவே மதிப்பெண் போட்டாகிவிட்டது, எது பாக்கி என்று எழுதாமல் போனால், புதியவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்வார் அல்லது எல்லாம் முடிந்ததென்று விட்டுவிடுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதுங்கள். “சராசரி மாணவி” என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. “கூட்டெழுத்து இல்லாத சொற்களைத் தடையின்றி வாசிப்பாள், மெய்யெழுத்து நடுவில் வந்தால் நிற்பாள்” என்றால் புதியவர் மறுநாளே வேலையைத் தொடங்கலாம்.

பெற்றோரிடம் ஒரு கூட்டத்தில் அவரை அறிமுகப்படுத்துங்கள், உங்களுக்குச் சமமான ஆசிரியராக. தற்காலிக ஆசிரியர்களின் ஊதியம் குறைவு, பலர் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருப்பார்கள். பதிவேட்டு வேலை எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டாமல் சக ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளும்படி முன்பே பேசிவையுங்கள். போன பிறகு, வகுப்பில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளிடம் போன் போட்டு விசாரிக்காதீர்கள். கேட்க வேண்டுமென்றால் அவரிடமே கேளுங்கள்.

## திரும்பி வந்ததும்

ஃபைலின் கடைசியில் ஒரு காலித் தாள் வைத்திருங்கள். பதிலி ஆசிரியரிடம் கேட்பவை: எந்த வேலை முடிந்தது, எது முடியவில்லை, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனதா, யார் நன்றாக உதவினார்கள். “யார் தொல்லை செய்தார்கள்” என்ற கேள்வியை நான் வைப்பதில்லை. சொல்ல வேண்டியது பெரிதாக இருந்தால் அவர் எழுதாமல் இருக்க மாட்டார்.

முதல் பாடவேளையை விசாரணைக் கமிஷனாக்காதீர்கள். அன்று செய்த தாள்களை எடுத்துத் திருத்துங்கள், அன்றைக்கே, பிள்ளைகளின் கண் முன்னால். பதிலி ஆசிரியர் கொடுத்த வேலையை டீச்சர் பார்க்கவே மாட்டார் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த விடுப்பில் யாரும் பேனாவைத் திறக்க மாட்டார்கள். நான்கைந்து நல்ல ரசீதுகளைச் சுவரில் ஒட்டுங்கள். வகுப்பை எடுத்த ஆசிரியரை அழைத்து வந்து காட்டுங்கள்.

எது வேலை செய்யவில்லை என்பதை முதல் பக்கத்துக் கடிதத்தில் அன்றே திருத்துங்கள். கைதட்டல் எடுபடவில்லை என்று அவர் எழுதியிருந்தால், பிள்ளைகளோடு அதை மறுபடி பழகுங்கள். உறையில் இருந்த வேலையைப் பயன்படுத்தியிருந்தால் வீட்டுக்குப் போகும் முன் புதியதைப் போட்டு வையுங்கள். அடுத்த காய்ச்சல் அடுத்த திங்கட்கிழமையாகவும் இருக்கலாம்.